வெட்டாதே, ரஸ்!

“வெட்டாதே, ரஸ்! கெஞ்சிக் கேக்குறேன்யா, அந்த ரம்பத்தைக் கீழே வை!”

கராஜ் வாசலில் நின்று கத்தியவர் ஹோமர் விட்லாக். பழைய ராணுவத் துப்பாக்கிகளை வாங்கி, விற்று, மறுபடி வாங்குகிறவர். மொன்டானாவில் எந்த ஊரில் துப்பாக்கிச் சந்தை கூடினாலும் வாசலை ஒட்டிய முதல் மேஜை அவருடையதுதான்.

ரஸ் டோலஃப்சன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் எதிரே மேஜையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் இறுகிக் கிடந்தது ஒரு துப்பாக்கி. எண்பது வருடத்துக்கு முன்பு எந்தப் பட்டாளத்துக்கோ செய்தது. ஹார்ட்வேர் கடையில் விறகு மாதிரி ஒரு பீப்பாயில் செருகி வைத்திருந்தபோது, பேரம் பேசி நூற்றிருபது டாலருக்குத் தூக்கி வந்திருந்தார்.

“எதுக்கு வைக்கணும்? போன வருஷம் கிளப் போட்டியில இதுல பத்து தடவை சுட்டேன். ஒண்ணு பக்கத்து ஆளோட குறி அட்டையில பட்டுச்சு. மீதி ஒன்பது எந்த ஊருக்குப் போச்சுன்னே தெரியல. ‘மானெல்லாம் பாதுகாப்புக்கு ரஸ் பக்கத்துல வந்து நிக்குது’ன்னு சிரிச்சீங்களே, அதுல முதல் ஆளு நீதானே?”

“சிரிச்சது தப்புதான். அதுக்காக இதை வெட்டுவியா?”

“வெட்டுவேன். சனிக்கிழமை போட்டி. இதே துப்பாக்கியால உங்க எல்லார் வாயையும் அடைக்கலேன்னா, கிளப் மெம்பர் அட்டையை உன் கையில குடுத்துட்டு ஊர்ப்பக்கமே வரமாட்டேன்.”

காபியோடு உள்ளே வந்த ரஸ்ஸின் மனைவி மார்லிஸ், கணவரை விட்டுவிட்டு ஹோமரைப் பார்த்துச் சிரித்தாள்.

“உனக்கு வேற வேலை இல்லையா, ஹோமர்? இந்த மனுஷன்கிட்ட போய் எதையும் வேண்டாம்னு சொல்லலாமா? பன்னிக்கறி பேக்கன் சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார். அன்னிலேர்ந்து ரெண்டு வேளையும் பேக்கன்தான்.”

ரஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு டாலர் நோட்டை எடுத்து, குழலுக்கும் அதன் அடியில் ஓடும் மரக்கட்டைக்கும் நடுவே செருகி இழுத்தார். பாதி வழியில் நோட்டு சிக்கிக்கொண்டது.

“பார்த்தியா? இங்கதான் மரம் குழலை முட்டுது. சுடச்சுட குழல் சூடாகும், இன்னும் முட்டும், அப்புறம் ஒவ்வொரு தோட்டாவும் அதது இஷ்டத்துக்குப் போகும். முன்னாடி மரத்தைக் குறைச்சு, உள்ளே சுரண்டிட்டு, மேலே குறி பார்க்கிற தூரக்கண்ணாடி மாட்டப்போறேன்.”

“மேலேயா? எங்க துளை போடுவே?”

“இந்தா, இந்த நட்சத்திரம் இருக்கிற இடத்துல.”

ஹோமர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அடப்பாவி! அந்த நட்சத்திர முத்திரை போட்ட துப்பாக்கி எனக்குத் தெரிஞ்சு ரெண்டே ரெண்டுதான்யா இருக்கு.”

“இன்னொண்ணு எங்க?”

“அது பத்திரமா இருக்கு. வெச்சிருக்கிறவன் எண்ணெய் போட்டுத் துடைச்சு, பிள்ளை மாதிரி பார்த்துக்கிறான். உன்னை மாதிரி கசாப்புக்காரன் இல்ல அவன். நானூறு டாலர் தர்றேன், எனக்குக் குடுத்துடு. வெட்டாதே.”

“நாலாயிரம் குடுத்தாலும் கிடையாது.”

“அப்படியே வெட்டினாலும் உன்னால நேரா துளை போட முடியாது. உன் கை நடுங்கும். வேண்டாம்யா, வெட்டாதே!”

“முடியாதா?” ரஸ்ஸின் கழுத்து சிவந்தது. ரம்பத்தை எடுத்தார்.

“ஒரு நிமிஷம் பொறு!” ஹோமர் செல்போனை உயர்த்தினார். “முழுசா இருக்கிறப்போ ஒரு படம் எடுத்துக்கறேன். கிளப் சுவத்துல மாட்டணும். இங்க ஒரு கொலை நடந்துச்சுன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்.”

“எடு! வெட்டின பிறகும் ஒண்ணு எடு. இந்த லைட்டுக்குக் கீழே வந்து எடு, நல்லா விழும்!”

ரம்பம் ஓடியது. மரத்தூள் பறந்தது. பிறகு துளையிடும் மிஷின் அலறியது. நட்சத்திரம் இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு துளை. இம்மியும் கோணல் இல்லை. சுரண்டி முடித்ததும், டாலர் நோட்டு குழலின் அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. ஹோமர் இரண்டாவது படத்தையும் எடுத்துக்கொண்டு, துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்போல வெளியேறினார்.

சனிக்கிழமை, இருநூறு கஜ தூரத்தில், ரஸ் சுட்ட பத்துத் தோட்டாக்களும் ஒரு காபிக் கோப்பையின் வாயளவுக்குள் அடங்கின. கிளப்பில் யாருக்கும் சிரிக்க வாய் வரவில்லை.

“என்ன ஹோமர், கை நடுங்குச்சா?”

“இல்லய்யா. ஜெயிச்சுட்டே.”

“இன்னொரு தடவை எவனாவது என்கிட்ட வேண்டாம்னு சொல்லிப் பார்க்கட்டும்!” என்று துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார் ரஸ். கூட்டம் கைதட்டியது.

ஹோமர் தலையைக் குனிந்தபடி தன் வண்டிக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு செல்போனை எடுத்தார்.

“ரெண்டு படமும் வந்துச்சா? முன்னே ஒண்ணு, பின்னே ஒண்ணு... ஆமா, அந்த நட்சத்திரம் போயே போச்சு. இனிமே உலகத்துல முழுசா இருக்கிறது என் பெட்டியில இருக்கிற ஒண்ணுதான். விலையை மறுபடி பேசலாமா?”

மறுமுனையில் இருந்த, அதை வாங்கப்போகிறவர் ஏதோ சந்தேகம் கேட்டார்.

“அவன் மனசு மாறி வெட்டாம விட்டிருந்தாலா?” ஹோமர் வாய்விட்டுச் சிரித்தார். “அதெப்படி விடுவான்? மூணு தடவை ‘வெட்டாதே’ன்னு கெஞ்சினேனே!”