நான்கு பேர் அறை

எழுத்தாளர் ராஜபாண்டியனுக்குப் பட்டாசு ஆலைப் பெண்களின் பாட்டைக் கேட்டால்தான் கதை வருமாம். ஆனால் ஆலைக்குள் அவர் கால் வைத்ததே போன வாரம்தான். செல்போனில் பாட்டைப் பதிந்துகொண்டு, பத்தே நிமிடத்தில் மூக்கைப் பொத்தியபடி வெளியே வந்துவிட்டார்.

இப்போது தன் அச்சகத்தில் அதை ஓடவிட்டு, கண்ணை மூடிக் கண்ணீர் வடித்துக்கொண்டே கதை சொன்னார். அதை வேல்விழி டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அவர் பாட்டைப் பதிந்த அதே ஆலை அறையில் போன வருஷம் தீப்பிடித்துத்தான் அவள் அம்மா வள்ளித்தாய் செத்தாள். அன்றைக்கு இந்த மனுஷன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அஞ்சு பேர் பாடினார்கள்னு அடிம்மா."

"ஆலையில ரூமுக்கு நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாது அண்ணாச்சி. செவுத்துலயே எழுதியிருக்கும். நீங்க போனப்ப எத்தனை பேரு இருந்தாக?"

"நாலு பேருதான். ஆனா கொரல் அஞ்சு கேக்குதே."

பாட்டு சட்டென்று நின்றது.

"ஏளா வேல்விழி, கூன் போடாம நிமுந்து உக்காரு" என்றது ஐந்தாவது குரல்.

வேல்விழியின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"அடடா, எம்புட்டு இயல்பான வசனம்!" ராஜபாண்டியன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதையும் அடிச்சிரும்மா. பேரை மட்டும் மாத்திரு."