வரிசை தாண்டி வந்தவள்

"யம்மா, நில்லுங்க! இங்கன இத்தனை பேரு உக்காந்திருக்கோம், கண்ணு தெரியலையா?"

கேட்டுவிட்டு முத்துராணியே திகைத்துப்போனாள். ரேஷன் கடையில் நாலு பேர் முந்திக்கொண்டு போனாலும் வாயைத் திறக்காதவள் அவள்.

ஆட்டோவில் வந்து இறங்கிய அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கன்னத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தாள். தாடையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, டோக்கனும் வாங்காமல், நேரே டாக்டரின் அறைக் கதவுக்குப் போய்விட்டாள்.

"உள்ள ஆள் இருக்கு. எங்க வீட்டுக்காரரு. அவருக்குத்தான் பாத்துட்டு இருக்காவ!"

"அய்யோ, உயிர் போகுதே..." என்று முனகினாள் அந்த அம்மாள். கதவு திறந்தது, மூடியது. டோக்கன் கொடுக்கிற பிள்ளை தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பாத்தியா பிள்ளை நாயத்தை?" என்றார் எதிரே இருந்த ஞானையா. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நமக்கெல்லாம் பல்லு வலிக்கல, விருந்துக்கு வந்திருக்கோம்!"

நாலு பேர் சிரித்தார்கள். முத்துராணிக்குச் சிரிப்பு வரவில்லை.

விக்கிரமசிங்கபுரத்தில் இந்தப் பல் ஆஸ்பத்திரி திறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. டாக்டர் விஜயஸ்ரீ சின்னப் பெண். "நேத்துப் படிச்சு முடிச்சவகிட்டயா என் மவன் வாயைக் காட்டணும்? அம்பாசமுத்திரத்துல கை தேர்ந்த டாக்டருமாரு இல்லாமலா போயிட்டாவ?" என்று மாமியார் தலைப்பாடாய் அடித்துக்கொண்டாள்.

முத்துராணிதான், "நல்லாப் பேசுதாவ அத்தை, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று புருஷன் இசக்கிராஜை அழைத்து வந்தாள்.

கடைவாயில் படுத்தபடி முளைத்த ஞானப்பல். அரை மணி நேர வேலை என்றார்கள். ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது.

நடுவில் டாக்டர் ஒரு தடவை வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. முத்துராணியின் காதோரம் குனிந்து, "பல் வந்துட்டு அக்கா. வேர் மட்டும் ஒடிஞ்சு உள்ள நின்னுட்டு. சில பேருக்கு அப்படி ஆகும். அவருக்கு வலி தெரியாது. கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க" என்றாள். சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதிலிருந்து முத்துராணியின் கண் அந்தக் கதவை விட்டு அகலவில்லை. அவருக்கு ஏதாவது ஆனால் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? இந்த நேரத்தில் டாக்டர் அவரைப் பாதியில் விட்டுவிட்டு இன்னொருத்தியைக் கவனிக்கிறாள்!

பத்து நிமிஷம் போனது. இடுப்பில் இருந்த கைப்பிள்ளை சிணுங்கியது. முத்துராணி எழுந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தத் துண்டு ஆணியில் தொங்கியது.

அந்த அம்மாள் பச்சை அங்கி, முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, விஜயஸ்ரீயின் தோளுக்குப் பின்னால் நின்றாள். இரண்டு கையையும் நெஞ்சோடு கோத்திருந்தாள்.

"மேடம், நீங்களே எடுத்துருங்களேன்..."

"எடுக்க மாட்டேன். உன் கை சரியாத்தான் போகுது. அழுத்தாத. எலும்புக்கும் வேருக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும், தேடு. பைய... பைய..."

தட்டில் 'டிங்' என்று ஒரு சத்தம். அரிசி மணி அளவுக்கு ஒரு வேர்.

விஜயஸ்ரீ விட்ட மூச்சு வாசல் வரை கேட்டது. இசக்கிராஜ் படுத்தபடியே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். முத்துராணி பிள்ளையை இறுக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"நீங்க... பல்வலின்னு..."

அந்த அம்மாள் முகமூடியை இறக்கிச் சிரித்தாள். முப்பத்திரண்டும் பளிச்சென்று இருந்தன.

"என் பேரு சீதாலக்ஷ்மி. அம்பாசமுத்திரத்துல பல் டாக்டர். காலேஜுல இவளுக்குப் பாடம் எடுத்தேன். போன் பண்ணினா, வந்தேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி, அவர் சம்மதிச்ச பிறகுதான் பக்கத்துல நின்னேன்."

வாயில் பஞ்சைக் கடித்திருந்த இசக்கிராஜ் தலையை ஆட்டினான்.

"அதுக்கு எதுக்கும்மா அந்தத் துண்டு?"

"டாக்டரா வந்து இறங்கினா வெளிய இருக்கிறவங்க என்ன சொல்லுவாங்க? 'புதுசுக்கு முடியல, ஆளக் கூப்பிட்டாச்சு'ம்பாங்க. நாளைக்கு இவகிட்ட யாரும்மா வாயைத் திறப்பா? எனக்கும்தான் எத்தனையோ வேர் ஒடிஞ்சிருக்கு. அன்னைக்கு எனக்குக் கூப்பிட ஆள் இல்ல."

விஜயஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏசிட்டேன்மா. மன்னிச்சிருங்க" என்றாள் முத்துராணி.

"நீ ஏசினதுதான் எனக்கு வசதியாப் போச்சு. ஒருத்தருக்கும் சந்தேகம் வரல" என்று சீதாலக்ஷ்மி துண்டை எடுத்துக் கன்னத்தில் கட்டினாள். தாடையைத் தாங்கினாள். "அய்யோ, உயிர் போகுதே..."

வெளியே ஞானையா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்.

"நியாயமில்லாத எடம் நமக்கு வேண்டாம் பிள்ளை. நான் வேற எங்கனயாவது பாத்துக்கிடுதேன். யாரு அந்த அடாவடிக்காரி?"

வாசலைத் தாண்டிக்கொண்டிருந்த சீதாலக்ஷ்மி ஒரு கணம் நின்றாள். திரும்பவில்லை.

இப்போது முத்துராணியின் குரல் வரிசையில் கடைசியில் இருந்தவருக்கும் கேட்டது.

"அவுகள ஏசாதீங்க அண்ணாச்சி. அம்பாசமுத்திரத்துல அத்தனை டாக்டர் இருந்தும், நம்ம டாக்டரம்மாவைத் தேடில்லா வந்திருக்காவ!"