எஞ்சின் தண்ணீர்

குடத்தோடு பிளாட்பாரத்தில் நின்றாள்.

போகாதே என்று கணவன் சொல்லியிருந்தான். இன்று முதல் இந்தப் பாதையில் டீசல் எஞ்சின்.

கேட்காமல் வந்துவிட்டாள்.

தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனுக்கு வாழ்க்கைப்பட்டு இந்தப் பொட்டலுக்கு வந்த நாளிலிருந்து குடித்தது எஞ்சின் தண்ணீர்தான். ஸ்டேஷன் கிணறு உப்பு. மத்தியான வண்டி வந்து நின்றதும், டிரைவர் சூசை கரி எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிடுவார். ரயில்வே குடியிருப்புப் பெண்கள் குடம் பிடிப்பார்கள்.

வெதுவெதுப்பாக இருக்கும். சோற்றில் லேசாகக் கரி வாசம் அடிக்கும்.

பிள்ளைகள் அந்தச் சோற்றில்தான் வளர்ந்தார்கள்.

தூரத்தில் விசில் கேட்டால் போதும், எல்லா வீட்டிலும் குடங்கள் உருளும். நிறைந்த பிறகும் யாரும் கலைய மாட்டார்கள். கொடி அசையும்வரை சிரிப்பும் பேச்சும். சூசை மகளுக்கு மாப்பிள்ளை அமைந்த சேதிகூட அங்கேதான் முதலில் தெரிந்தது.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஊர்ப் பெண்கள் நின்று பார்ப்பார்கள். முத்திருளாயி ஒருமுறை வாய்விட்டுக் கேட்டாள்.

"ஒரு கொடம் ஊத்துனா கொறஞ்சா போயிரும்?"

"இது ரயில்வேகாரங்களுக்கு மட்டுந்தான்" என்று இவள்தான் பதில் சொன்னாள்.

முத்திருளாயி அதன்பிறகு கேட்கவில்லை.

டீசல் வந்து நின்றது.

டிரைவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. கரி அப்பாத முகம். வெளுத்த சட்டை. சூசைதான்.

அவர் குடத்தைப் பார்த்தார்.

"இதுல தண்ணி இருக்காதேம்மா."

"தெரியும்ணே. சும்மா உங்கள பாக்கத்தான் வந்தேன்."

கொடி அசைந்தது. வண்டி வளைவில் மறையும்வரை திரும்பிப் பார்த்தபடியே போனார்.

பிளாட்பாரம் வெறிச்சென்றானது.

வேலிக்கு அப்பால் முத்திருளாயி போய்க்கொண்டிருந்தாள். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. இரண்டும் காலிக் குடங்கள்.

இவள் வேலிவரை ஓடினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்க எங்க போயி தண்ணி எடுக்குறீங்க?"

முத்திருளாயி நின்றாள். திரும்பி வந்தாள். இவளுடைய குடத்தைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். இவள் அதற்குத் தயாராகத்தான் தலைகுனிந்து நின்றாள்.

முத்திருளாயியின் பார்வை இவளுடைய வெறுங்காலுக்கு இறங்கியது.

"செருப்ப மாட்டிக்கிட்டு வா தாயி. தூரம் சாஸ்தி."