இடப்பக்க ஸ்பீக்கர்

ஹாலில் ஐந்து ஸ்பீக்கர்களையும் மாட்டி முடிக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. பெட்டிகளைக்கூட நானேதான் அறுத்து ஒட்டினேன். சோதித்துப் பார்க்க, மனைவி வசுமதியை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் வருகிற பக்கம் அவள் கையைக் காட்ட வேண்டும். முதலில் இடப்பக்க ஸ்பீக்கரை இரையவிட்டேன். அவள் வலப்பக்கம் காட்டினாள். வலப்பக்கச் சுவர்தான் சத்தத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று நினைத்து, அதன் மேல் ஜமக்காளத்தை ஆணியடித்துத் தொங்கவிட்டேன். மறுபடியும் வலப்பக்கமே காட்டினாள். ஜமக்காளத்தின் மேல் மெத்தையைக் கொண்டுவந்து சாய்த்தேன். அப்போதும் அதே கை. “காதைத் தீட்டிக்கிட்டுக் கேளேன். எட்டு மாச உழைப்பு, உனக்கு விளையாட்டா இருக்கா?” என்று கத்தினேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை. “எனக்கு எல்லாச் சத்தமும் அந்தப் பக்கந்தாங்க வருது. இடது காது கேக்காமப் போய் ஒரு வருஷமாச்சு. அன்னைக்கே சொன்னேனே. நீங்க ஹெட்போன் மாட்டியிருந்தீங்க. தலையாட்டினீங்க, அதான் திரும்பச் சொல்லல.” கையிலிருந்த சுத்தியலை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. ஸ்பீக்கரை அணைத்தேன். அவளருகே குனிந்து, குரல் எழும்பாமல், “மன்னிச்சிடு வசு” என்றேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் குனிந்திருந்தது அவளுடைய இடப்பக்கம். கண்ணை மூடியபடியே, “அடுத்ததைப் போடுங்க, இந்தத் தடவை சரியாச் சொல்லிடறேன்” என்றாள்.