அண்ணி விற்ற கார்கள்

"அண்ணே, உங்களுக்கு மூளை கீளை குழம்பிப் போச்சா? எல்லாக் காரையும் விக்கறீங்களாமே!"

பழைய கார் சங்கத்தின் செகரட்டரி வாசலிலேயே சத்தத்தை ஆரம்பித்துவிட்டார்.

கார் கொட்டகைக்குள் நின்றிருந்தவருக்குச் சங்கத்தில் 'கார்பரேட்டர்' என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். ஓடாத கார்களைத் தேடிப் பிடித்து, கழற்றி மாட்டி, ஓட வைத்து, கொட்டகை நிறைய நிறுத்தி வைத்திருந்த மனிதர். சங்கத்தின் வருடாந்திர மலைப்பாதை ஓட்டத்தில் முதல் பரிசு யாருக்கு என்று எவரும் கேட்பதில்லை. இரண்டாவது யார் என்றுதான் கேட்பார்கள்.

இப்போது அந்தக் கொட்டகையிலிருந்து நீளமான கறுப்புக் கார் ஒன்றை, வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் இல்ல தம்பி. ஒண்ணு வெச்சுக்கறோம்," என்றார் கார்பரேட்டர்.

"எதை?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி முந்திக்கொண்டார். "அதோ, அந்தக் குட்டி."

மூலையில் இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத ஒரு வாண்டு கார். சங்கத்தில் யாரும் அதைக் காராகவே மதித்ததில்லை.

"அண்ணி, இது அநியாயம். ராஜா மாதிரி நின்ன வண்டியெல்லாம் அனுப்பிட்டு, இந்தச் சோப்பு டப்பாவையா வெச்சுக்கப் போறீங்க?"

"சோப்பு டப்பான்னா துடைக்கறது சுலபம்."

செகரட்டரி கார்பரேட்டர் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்கண்ணே. இது யார் முடிவு?"

கார்பரேட்டர் தொண்டையைச் செருமினார். "அது வந்து தம்பி... விஷயம் என்னன்னா, எனக்கு..."

"நீங்க சும்மா இருங்க!" அண்ணி போட்ட அதட்டலில் கொட்டகைத் தகரமே அதிர்ந்தது. "முடிவு என்னோடதுதான். எல்லாம் இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. போதும்."

செகரட்டரி கோபமாக வெளியேறினார்.

அன்று சாயங்காலம் சங்கத்தில் வேறு பேச்சே இல்லை.

"அத்தனை பெரிய இன்ஜினையெல்லாம் அடக்கினவர், வீட்டுல பொட்டிப் பாம்பு."

"பொண்டாட்டிக்கு இப்படியா பயப்படறது!"

ஒரே சிரிப்பு. இப்படிப் பேசியவர்கள் வீட்டுக்குள் நுழையும்போது செருப்புச் சத்தம் கூடக் கேட்காமல் நுழைபவர்கள் என்பது வேறு விஷயம்.

செகரட்டரி மட்டும் சிரிக்கவில்லை. இந்த வருஷ ஓட்டத்துக்கு வரவில்லை என்றால் அந்த மனுஷன் அதோடு முடிந்தார் என்று அவருக்குத் தெரியும். போன் போட்டார். எடுத்தது அண்ணி.

"அண்ணி, அண்ணனைக் கொஞ்சம் அனுப்பி வைங்க. ஓட்டறதுக்கு என் காரைத் தரேன்."

"அவர் வருவார். எங்க கார்லதான் வருவார்." பட்டென்று போனை வைத்துவிட்டார்.

அந்த ஓட்டத்தில் வேகமாகப் போகிறவருக்குப் பரிசு கிடையாது. ஒவ்வொரு கட்டத்தையும் குறித்த நேரத்துக்குச் சரியாகத் தொட வேண்டும். முந்தினாலும் மார்க் போச்சு, பிந்தினாலும் போச்சு. ஓட்ட ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல ஒருவர்.

மலை ஏற்றத்தில் மோசமான வளைவு ஒன்றில் நடுவராக நின்றிருந்தார் செகரட்டரி. சோப்பு டப்பா வந்தது. பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஸ்டியரிங்கில் அண்ணி!

"காரைப் பிடுங்கினது பத்தாதுன்னு ஸ்டியரிங்கையுமா!" என்று பல்லைக் கடித்தார்.

கார் நெருங்க நெருங்கக் கார்பரேட்டரின் குரல் கேட்டது. "விடு, விடு... இன்ஜின் திணறுது பார், ரெண்டாவது கியருக்கு வா. ம், இப்ப லெஃப்ட்ல ஒடி! அப்படித்தான்டி, சபாஷ்!"

அண்ணி ஒடித்த ஒடிப்பில் கார் அலுங்காமல் திரும்பி மேலேறியது. இரண்டு பேரும் போட்ட கூச்சல் அடுத்த வளைவு வரை கேட்டது.

முடிவு அறிவித்தபோது யாராலும் நம்ப முடியவில்லை. ஒரு மார்க்கைக் கூட இழக்காத கார் அது ஒன்றுதான். கேலி பேசிய வாய்களே விசிலடித்தன. இப்படி ஒரு கைதட்டல் கார்பரேட்டருக்குப் பெரிய கார்களில் வந்தபோது கூடக் கிடைத்ததில்லை.

செகரட்டரி கோப்பையை நீட்டினார். கார்பரேட்டர் முகமெல்லாம் பல்லாக, இரண்டு கைகளையும் நீட்டினார். ஆள் இல்லாத பக்கமாக.

அண்ணி சாதாரணமாகத் தொடுவது போல அவர் முழங்கையைத் தொட்டுத் திருப்பினார். விரல்கள் துழாவிக் கோப்பையைப் பிடித்தன.

கூட்டம் கார்பரேட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதும் செகரட்டரி அண்ணியிடம் வந்தார்.

"அண்ணி... அண்ணனுக்குக் கண்ணு..."

"மங்கிக்கிட்டே வருது தம்பி. இனிமே ஓட்டவே கூடாதுன்னுட்டார் டாக்டர். ஓட்டாத காரையெல்லாம் கட்டிக்கிட்டு அழறதுக்குப் பதிலா, ஒண்ணே ஒண்ணை வெச்சுக்கிட்டு ஓடலாம்னு ரெண்டு பேருமா முடிவு பண்ணோம். இந்த வண்டியை எடுத்தவரே அவர்தான். கூரையில்லாததால எல்லாச் சத்தமும் நேரா காதுக்கு வருதாம். பாதைதான் அவருக்கு மனப்பாடமாச்சே. எனக்குத்தான் கியர் மாத்த வரலை, திட்டித் திட்டிக் கத்துக் கொடுத்தார்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே! சங்கம் மொத்தமும் உங்களை ராட்சசி மாதிரிப் பேசிச்சே! நானும்தான்..."

அண்ணி சிரித்தார். தூரத்தில் தோள்களுக்கு மேல் கோப்பையை ஆட்டிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தார்.

"'பொண்டாட்டிக்குப் பயந்து வித்துட்டான்'னு நீங்க சிரிச்சா, அவரும் சேர்ந்து சிரிச்சுடுவார் தம்பி. 'ஐயோ பாவம்'னு ஒருத்தர் சொல்லியிருந்தாலும், இன்னிக்கு அவர் கார்ல ஏறியே இருக்க மாட்டார்."