கறிமீன் கவர்

கவரை அவிழ்த்துப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே பால்சுறா. ஒரு முழம்கூட இருக்காது, இளசாக இரண்டு. கூடவே ஒரு காகிதப் பொட்டலத்தில் கால் கிலோ பூண்டு.

என் வீட்டுக்காரர் ஆதிநாராயணன் கடலிலிருந்து வந்த கையோடு கவரை அடுப்பங்கரையில் போட்டார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, பின்பக்கம் பம்பில் குளிக்கப் போய்விட்டார். சுவரில் இரண்டு ஆணி. ஒன்றில்தான் அவர் சட்டை தொங்கும். இன்னொன்றில் நாங்கள் எதையும் மாட்டுவதில்லை.

ஒரு மாதமாகவே எங்களுக்குள் சண்டை. எங்கள் குப்பத்தில் பிடிக்கிற மீன் ஏலத்துக்குப் போய்விடும். ஆனால் போட்டில் போன ஒவ்வொருவனுக்கும் வீட்டுக் குழம்புக்கென்று கறிமீன் தனியாகக் கொடுத்துவிடுவார்கள். அதை யாரும் விற்பதில்லை. நேராக வீட்டுக்குத்தான் வரும்.

எங்கள் வீட்டுக்கு ஒரு மாதமாகக் காரப்பொடி என்கிற முள்ளுப் பொடிமீன்தான் வந்தது. அதே போட்டில் போகிற முத்துராஜ் வீட்டில் கொடுவா கொதிக்கிற வாசனை என் மூக்கைத் துளைக்கும். ஒரே போட், ஒரே பங்கு. எங்களுக்கு வர வேண்டிய நல்ல மீன் எந்த வீட்டுக்குப் போகிறது?

கேட்டால், "இன்னாமே, நோண்டி நோண்டி கேக்குற? கடல்ல இருந்தாதான வரும்" என்பார். தட்டில் கை கழுவியதும், இன்ஜின் மெக்கானிக்கைப் பார்க்க வேண்டும் என்று பஸ் ஏறிவிடுவார். எந்த இன்ஜின் மாதம் முழுக்க ரிப்பேர் ஆகும்?

இன்றைக்குத்தான் அகப்பட்டார். கறிமீனை இரண்டு கருப்பு கவரில் பிரித்து, ஒன்றை எங்கேயோ பதுக்கிவிட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருவார் போலிருக்கிறது. அவசரத்தில் மாற்றி எடுத்து வந்துவிட்டார்.

பால்சுறா எதற்கு என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று, பூண்டைத் தட்டிப் போட்டுப் புட்டு செய்து கொடுப்போம். கரையில் பால்சுறா வந்தால், யார் வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள் என்றுதான் முதலில் கேட்பார்கள். 'என் வீட்டில்' என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் அதில் கைவைக்க மாட்டார்கள்.

அப்படியென்றால் இந்த ஆள் கரையில் நின்று, அத்தனை பேர் காதுபட, 'என் வீட்டில்' என்று சொல்லியிருக்கிறார்.

என் வீட்டில் யார் பிள்ளை பெற்றது? எனக்கு நாற்பத்தெட்டு வயது.

மூட்டுவலித் தைலம் தேய்க்காமல் படுக்க முடியாத இந்த மனுஷனுக்கு இன்னொரு குடித்தனம். அதில் கைக்குழந்தை வேறு. அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மீனை வெட்டவா, ஆளை வெட்டவா என்று எனக்கே தெரியவில்லை.

ஈரத்துண்டோடு உள்ளே வந்தார்.

"யோவ், யாருக்குயா இது? எவ பெத்து வச்சிருக்கா?"

சுறாவைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று. என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். ஒன்றும் மாட்டாத அந்த ஆணியைப் பார்த்தார்.

"அவளுக்குப் பால் பத்தலயாம்" என்றார்.

முன்பு அந்த ஆணியில் வினோதினியின் படம் இருந்தது. எங்கள் ஒரே மகள். திருப்பாலைவனத்தில் வேன் ஓட்டுகிற ராபர்ட்டை அவள் கட்டிக்கொண்ட அன்றைக்கு, இவர்தான் படத்தை அடுப்பில் போட்டார். அவள் பெயரை எடுத்தால் நீயும் வெளியே என்றார். அவள் வாசலை மிதிக்க மாட்டேன் என்று கற்பூரத்தை ஏற்றி, அதன் மேல் என் கையை அடிக்க வைத்துச் சத்தியம் வாங்கினார்.

நான் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். பொன்னேரி போகிற பஸ் அவள் வீட்டைத் தாண்டித்தான் போகும். ரைஸ்மில்லுக்கு எதிரே நீலக் கேட். அந்த இடம் வரும்போது தலையைக் குனிந்துகொள்வேன். இரண்டு வருஷமாகக் குனிந்தேன்.

அவள் உண்டானது எனக்குத் தெரியாது. பெற்றதும் தெரியாது. கரை முழுக்கத் தெரிந்திருக்கிறது. முத்துராஜுக்குத் தெரியும், ஏலக்காரனுக்குத் தெரியும். அவளைப் பெற்ற எனக்குத்தான் தெரியவில்லை.

என்னை வீட்டில் அடைத்துப் போட்டுவிட்டு, இந்த ஆள் மட்டும் தினமும் பஸ் ஏறிப் போய் என் பிள்ளையின் பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு வந்திருக்கிறார். வந்து என் கையால் காரப்பொடிக் குழம்பு வாங்கித் தின்றிருக்கிறார். அதற்கு வேறொருத்தி இருந்திருந்தால்கூடத் தேவலை.

சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்தேன். சொரசொரத் தோலை உரித்து, முள்ளெடுத்து உதிர்த்தேன். கால் கிலோ பூண்டையும் தட்டிப் போட்டேன். மிளகாயைக் குறைத்தேன். டப்பாவில் அடைத்து மூடினேன்.

அதற்குள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து டப்பாவுக்குக் கையை நீட்டினார்.

"நீ வூட்லயே கெட. நேத்து காரப்பொடிக் கொழம்பு கீது, போட்டுத் துன்னு" என்று அவர் கையைத் தட்டிவிட்டேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பின்னாலேயே வாசல்வரை ஓடி வந்தார். குழந்தையைப் பற்றி என்னவோ சொல்ல ஆரம்பித்தார்.

ஆணா பெண்ணா என்பது அந்த வாயிலிருந்து என் காதில் விழக் கூடாது. டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, காது கேட்காத தூரத்துக்கு வேகமாக நடந்தேன்.