அலமாரித் தூசி

புது மேனேஜர் அலமாரித் தட்டில் விரலால் ஒரு கோடு இழுத்தார். விரல் நுனி கறுத்தது.

"என்னம்மா இது? இந்த பம்பு, பெல்ட்டையெல்லாம் யாருமே தொடுறதில்லையா?"

"ஏழு மாசமா இல்ல சார்," என்றாள் ஸ்டோர்ஸ் அக்கா. விமான நிலையத்தில் பயணிகள் ஏறி இறங்கும் படிக்கட்டு வண்டி, பெட்டி இழுக்கும் வண்டி அத்தனைக்கும் உதிரிபாகம் திட்டமிடுவது அவள் வேலை.

"அப்புறம் எதுக்கு வாங்கி அடுக்கினீங்க? இதுக்குப் பேர் திட்டமா? துடைக்கக்கூட ஆள் இல்லையா?"

பின்னால் நின்ற மெக்கானிக்குகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"துடைக்க நான்தான் விடல சார்," என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தி. "தினமும் எடுக்கிற சாமான் பக்கத்து ரூம்ல இருக்கு. எது எப்போ தேயும்னு பார்த்து, அதுக்கு முந்தின வாரமே மாத்திடுறோம். இது அவசர அலமாரி. விமானத்துக்குப் பக்கத்துல வண்டி படுத்துட்டா மட்டும்தான் இதுல கை வைப்போம். போன வருஷம் வாரத்துக்கு ரெண்டு தடவை இந்த அலமாரிக்கு விழுந்தடிச்சு ஓடி வந்தோம்."

மேனேஜர் தட்டை உற்றுப் பார்த்தார். ஏழு மாதத் தூசியில் ஒரே ஒரு விரல் தடம்.

"அடடா... நான்தான் கெடுத்துட்டேனா?"

"பரவாயில்ல சார். இன்னும் ஏழு மாசத்துல அதுவும் மூடிடும்."